மீனெண்ணெய்க் கறை

நார்வேயின் வடகரைக்கு
மாதம் ஒருமுறை வரும் நூலகப் படகு.
தூர்லைவ் கேட்பதெல்லாம் கடற்கதைகள்.
இருமுறை கவிழ்ந்து பிழைத்தவர்;
இடக்கையில் மூன்றே விரல்.

"இன்னுமா அலுக்கவில்லை?"
திரும்பி வந்த புத்தகத்தைப்
புரட்டியபடி கேட்டாள் ஆஸ்லாவ்.

புயல் வீசும் அத்தியாயங்கள்
புதுத்தாளாய் மொடமொடத்தன.
மீனெண்ணெய்க் கறையெல்லாம் ஒரே பக்கத்தில்:
கரையேறியவன்
ஈரச் சட்டையோடு
தன் வீட்டுக் கதவைத்
தட்டலாமா என்று
நிற்கும் இடம்.

"அங்கேதான் பயமாக இருக்கிறது."

"அடுத்த பக்கம்?"

"திருப்பியதில்லை."

மறுபடி அதையே கேட்டார்.
தேதி முத்திரை குத்தினாள்.
மூன்று விரலால் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
பனி உறைந்த பலகையில் இறங்கிப் போனார்,
விளக்கெரியும் தன் வீட்டை நோக்கி,
நின்று நின்று.