கூப்பன்

ஒன்பதாம் இதழ், 1962. அட்டை விலை முப்பத்தைந்து சென்ட்.
நாற்பத்தோராம் பக்கத்தின் மூலையில்
ரப்பர் முகமூடிக்கான கூப்பன்.
அதன் முதுகில், நாற்பத்திரண்டில்,
சதுப்புநில அரக்கனின் இடப்பக்க முகம்.
அச்சகத்தில் யாரும் யோசிக்கவில்லை.
முகமூடி கேட்ட ஒவ்வொரு பிள்ளையும்
அரக்கனுக்கு ஒரு கண்ணைக் குறைத்தது.

ஈரி நகரத்து விடுதிக் கூடத்தில்
அக்டோபர்தோறும் மூன்றாம் வரிசை மேசை என்னுடையது.
முழு முகம் நானூறு டாலர்.
ஒற்றைக் கண் ஏழு.
வருகிறவர்கள் வெளிச்சத்தில் பிடித்து,
பெண் பார்ப்பதுபோல் பார்த்து,
ஓட்டையைக் கண்டதும்
சட்டென்று மரியாதையாகிவிடுவார்கள்.

நான் வீட்டில் சேர்த்திருப்பது ஓட்டைகளை.
அறுபத்துமூன்று.
ஒன்று அம்மாவின் தையல் கத்தரி, ஓரமெல்லாம் பல்.
ஒன்று சவர பிளேடு; அடுத்த மூன்று பக்கத்துக்கும் காயம்.
ஒன்றை மடித்து, எச்சில் தொட்டுக் கிழித்திருக்கிறான்.
அந்த அவசரம் இன்னும் பிசிறுபிசிறாக நிற்கிறது.
ஒருவன் பாதி வெட்டி நிறுத்திவிட்டான்.
காசு பற்றவில்லையோ,
படியில் காலடி கேட்டதோ.
என்னுடையதும் அதில் உண்டு.
முகமூடி வந்து சேர்ந்தது, ஏழு வாரம் கழித்து.
மோவாய் தொளதொளவென்று,
உள்ளே டயர் வாசனை.
அதைப் போட்டுக்கொண்டே தூங்கினேன்.

போன அக்டோபர், சனிக்கிழமை, கூட்டம் வடிந்த மதியம்.
கழுத்து அட்டையில் வெர்னா சிம்சாக் என்றிருந்தது.
அறுபத்தெட்டு இருக்கும். கைத்தடிப் பிடியில்
ஒட்டுப்படமாக ஒரு வௌவால்.
பேரம் பேசவில்லை.
நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு
இருபது தாள் எண்ணி வைத்தார்.
முழு முகத்தை உறையிலிருந்து உருவினார்.
பென்சில் கேட்டார்.

பெயர். தெரு.
வயது என்ற இடத்தில் பதினொன்று.

அந்தத் தபால் பெட்டியை மூடி
ஐம்பது வருஷம் ஆகிறது என்றேன்.
தெரியும் என்றார், நிமிராமல்.

கீழே ஒரு கோடு இருந்தது:
பெற்றோர் கையெழுத்து.
பென்சில் அங்கே நின்றுவிட்டது.
பிறகு பத்திரிகையை என் பக்கம் திருப்பினார்.
"பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த மூஞ்சி என்றார் அப்பா.
நீங்கள் போடுங்கள்."

ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம்
பிரேக் சரி, பிரேக் சரி என்று
கையெழுத்துப் போட்டவன் நான்.
முதல் எழுத்திலேயே முனை ஒடிந்தது.
பேனா எடுத்தேன்.

அடுத்தது கத்தரிக்கோல்.
பக்கத்து மேசை ஓர்வில்
நாற்காலி சாய எழுந்தே விட்டான்.
புள்ளிக்கோடு பிசகாமல்,
நாக்கு நுனியைக் கடைவாயில் துருத்திக்கொண்டு,
நான்கு பக்கமும் வெட்டினார்.
கூப்பன் கண்ணாடிக் கூட்டுக்குள் போயிற்று.
அரக்கனை என்னிடமே நகர்த்தினார்.
"ஏழு டாலருக்குப் போகும், வைத்துக்கொள்ளுங்கள்."

கைத்தடிச் சத்தம் கம்பளத்தில் அமுங்கிப் போனது.
ஓர்வில் எட்டிப் பார்த்தான்.
"இப்போது ஏழுதானே?"
அறுபத்துநான்கு என்றேன்.
விலை என்று நினைத்துக்கொண்டான்.