பதினாலாம் சான்றாவணம்

எங்களுக்கு அது டீக்கடை நோட்டு.
முன்னட்டை இல்லை. பின்னட்டையில் வாய்ப்பாடு,
பதிமூணாம் வாய்ப்பாட்டின் மேல் பால் சிந்திய கறை.
கருமத்தம்பட்டி பைபாஸில், குடோன் கேட்டுக்கு எதிரே,
கிட்டுசாமி பென்சிலை நாக்கில் தொட்டு எழுதுவார்:
4.40. குட்டியானைக்காரர் 6. டீ 6. வர்க்கி 1.
சிகாமணி பாக்கி.

நேரம் எதுக்குங்க எழுதறீங்க என்றால்
‘பால்காரன் லேட்டா வந்தா சண்டை போடோணுமல்ல’ என்பார்.

கம்பெனிக் கணக்கில் எங்கள் நாள்
ஏழு மணிக்குப் பிறந்தது.
முதல் பார்சலில் சிவப்பு வெளிச்சம் பட்டு
மெஷின் கீச் என்ற பிறகுதான்
நாங்கள் ஆளானோம்.
அதுவரைக்கும் வரிசையில் நின்றது வண்டி.
வண்டிக்குள் கொட்டாவி விட்டது யாரோ.
ஆடி மாசம், கணவாய்க் காற்று
தார்ப்பாயைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு
ஒன்றும் இல்லையென்று அவிநாசிப் பக்கம் போகும்.
வரிசையை விட்டு நகர்ந்தால் லோடு இல்லை.
லோடு இல்லையென்றால் வண்டித் தவணை இல்லை.

வழக்கு ஆறு வருசம்.
கம்பெனி வக்கீல் கேட்டார்:
காத்திருந்ததற்கு என்ன ஆதாரம்?
என்ன ஆதாரம் இருக்கும்?
நாங்கள் ஒதுங்கிய வேலியோரத்தில்
எருக்கு மட்டும் கொஞ்சம் செழிப்பாக வளர்ந்திருந்தது.
அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்ட முடியுமா?

வக்கீலம்மா ஜமீலா ஒருநாள் குடோனைப் பார்க்க வந்தார்.
டீயை வாங்கினார், குடிக்க மறந்தார்.
கிட்டுசாமியின் நோட்டில்
விரல் வைத்துக் கீழே கீழே போய்க்கொண்டிருந்தார்.
ஏடு படிந்து ஆறிப்போச்சு டீ.

மறுவாரம் நோட்டு கோயமுத்தூர் போனது.
ரப்பர் முத்திரை வாங்கி
மனுதாரர் தரப்புச் சான்றாவணம் 14 ஆனது.
கிட்டுசாமிதான் பாவம்.
‘யார் எவ்வளவுன்னு எனக்கு ஞாபகமில்லீங்,
ஜட்ஜய்யாவைத்தான் கேக்கோணும்’ என்று
புது நோட்டில் புதுப் பாக்கி எழுதினார்.
நாங்களும் அதைச் சாக்காக வைத்து
பழசைத் தரவில்லை. சொல்வதற்கென்ன.

பங்குனியில் சமரசம்.
இருநூற்றி எண்பத்தாறு பேர்.
காத்திருந்த மணிக்குப் பதினோரு ரூபாய் நாற்பது காசு.
பத்தி ஒன்பது: நிறுவனம் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை.
பத்தி பத்து: இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டோம்.
பத்துக்குக் கீழே எங்கள் கையெழுத்து.
நடக்காத தவறுக்கு எனக்கு வந்தது
இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்றிப் பன்னிரண்டு.
டயர் ரெண்டு மாற்றினேன். ஆத்தாவுக்குக் கண் ஆபரேசன்.
மிச்சம் என்று சொல்ல
ஒரு ராத்திரி அடித்துப் போட்டது போலத் தூங்கினேன்.

வரிசை எண் 88, தெய்வசிகாமணி.
நீலாம்பூர் பாலத்துக்குக் கீழே
வண்டியில் சாய்ந்தபடியே போய்விட்டார், மூணாம் வருசமே.
காசோலை வாங்க மயிலாத்தாள் வந்திருந்தார்.
நோட்டும் அன்றைக்குத்தான் கோர்ட்டிலிருந்து திரும்பியது.
கடை பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினார்.
பாக்கி, பாக்கி, பாக்கி.
‘இந்த வர்க்கி ஆருக்குங்க?’
சிகாமணிக்குத்தான் என்றோம்.
‘சக்கரை சேராதுன்னு ஊட்டுல பொங்கலக்கூடத் தொடமாட்டாருங்க’
என்று சொல்லிக்கொண்டே வந்தவர்
சட்டென்று சிரித்துவிட்டார்.
அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு
வெகுநேரம் ரோட்டைப் பார்த்தார்.

ஆயிரத்து நானூற்றுப் பத்து.
எண்ணி மேசைமேல் வைத்தார்.
வேண்டாமென்று கிட்டுசாமி சொல்லவில்லை.
வாங்கி, கண்ணில் ஒற்றி, கல்லாவில் போட்டு
சிகாமணி பேரின் மேல் கோடிழுத்தார்.
அதற்கு யாரும் பத்தி ஒன்பது எழுதவில்லை.
நானும் நின்றிருந்தேன்,
பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு.

இப்போது கேட்டில் போர்டு தொங்குகிறது:
ஏழு மணிக்கு முன் வாகனங்கள் வரக்கூடாது.
ஏழுக்கு வந்தால் வரிசையில் நாற்பதாவது.
ஆகவே கேட்டுக்கு வெளியே,
சர்வீஸ் ரோட்டில், லைட்டை அணைத்துவிட்டு நிற்கிறோம்.
கிட்டுசாமி பென்சிலை விட்டுவிட்டார்.
பேனாவில் எழுதுகிறார், கொஞ்சம் அழுத்தி:
4.35. ரோட்டில் 9 வண்டி. டீ 9.