வலது கை

புதுவயல். அரிசி ஆலை உமித்தூசி
ஹெல்மெட் கண்ணாடியில் படிகிற மதியம்.
மூன்று தவணை பாக்கி,
வாசலில் நான், ரசீதுப் புத்தகத்தோடு.

வெள்ளைக்கண்ணு வட்டியைப் பற்றிப் பேசவில்லை.
என் அம்மாவைப் பற்றிப் பேசினார்.
பிறகு கையை ஓங்கினார்.

என்னைக் கேட்காமலே
இடது கை எழுந்து கன்னத்தை மறைத்தது.
கல்லுக்கட்டி இரும்புக்கடை மாடியில்
ஆறு வருடம் அடிவாங்கிக் கற்றது அது.
முழங்கையில் பட்டு
அவருக்குத்தான் வலித்தது.

வலது கை தாடையோரம் தயாராக இருந்தது.
தூரம் தெரியும் அதற்கு.
அவர் முகவாயோ
பூட்ட மறந்த வீடு மாதிரி திறந்து கிடந்தது.
மணி இல்லை. நடுவில் புகுந்து
விலக்கிவிட நடுவரும் இல்லை.

மூக்கால் மூச்சை விட்டேன்.
வலது கையைக் கீழே இறக்கினேன்,
கிணற்றில் வாளி இறக்குவதுபோல, மெதுவாக.
அதே கையால்
‘அடுத்த வியாழன்’ என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.
எழுத்து கொஞ்சம் கோணித்தான் போயிற்று.

ஞானியெல்லாம் இல்லை.
அன்றிரவு மாடியில் நாற்பது நிமிடம்
வெள்ளைக்கண்ணு, வெள்ளைக்கண்ணு என்றே
மணல் பையைக் குத்தினேன்.
ஒவ்வொரு குத்துக்கும் விலகிப் போய்
விலகிப் போய் என்னிடமே வந்தது.
கடைசியில்
இரண்டு கையாலும் அணைத்து
ஆட்டத்தை நிறுத்தினேன்.