வெறும்பக்கம்

புதுக்குடியிருப்புச் சந்தியில்
போன் திருத்துகிற கடை என்னுடையது.
சர்க்கியூட் பார்க்க வாங்கின நுண்காட்டியில்
இப்போது பாதி நேரம் காசுதான் படுத்திருக்கிறது.

பிழைக்காசுக்கு லட்சம் கொடுக்கிறார்களாம் என்று
யாரோ வீடியோ போட்ட நாளிலிருந்து
உண்டியலைக் கவிழ்த்துக்கொண்டு வருகிறார்கள்.
தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது,
உழவு இயந்திரம் ஏறியது,
தகரத்துக்கு வோசராக ஆணி அடித்தது.

பிழை என்றால்
அச்சுக்கூட வாசலைத் தாண்டமுதல் நடந்திருக்க வேண்டும்.
அச்சு வெடித்திருந்தால் காசில் கோடு மேடாய் நிற்கும்.
பிறகு கீறியது பள்ளம்.
பள்ளத்தின் கரையில், உழுத சாலில் மண் மாதிரி,
தள்ளுண்ட உலோகம் குவிந்து கிடக்கும்.
அது எங்கும் போவதில்லை.
போயிருந்தால் தராசு சொல்லும்.

"இந்தப் பக்கம் அடிபடாத காசு எது?" என்று கேட்டார்
ஐஸ் வாடி மரியநாயகம்.
நான் அவருடைய போனுக்கு ரீலோட் போட்டுக் கொடுத்தேன்.

கார்மென்ட்ஸ் பஸ் இறக்கிவிட்டுப் போன ஒரு பின்னேரம்
வதனி வந்தாள், கழுத்தில் அடையாள அட்டையோடு.
மருந்து உறைக்குள் ஐந்து ரூபாய்.
விலை கேட்க வரவில்லை என்றாள் முதலே.
ஒரு பக்கம் ஐந்து, 2006.
மறுபக்கம் மொழுக்கென்று. சிங்கம் இல்லை.

"தம்பின்ர. நிமலரூபன்.
பங்கர் எரிஞ்சதாம், சேட்டுப் பையில கிடந்ததாம்.
முகாமில ஒராள் கொண்டந்து தந்தவர்.
எவ்வளவு சூட்டுக்கு அண்ணை
ஒரு பக்கம் இப்பிடி அழியும்?
அது தெரிஞ்சாப் போதும்."

நிறுத்தேன். குறையவில்லை.
காந்தத்தில் ஒட்டியது. உள்ளே இரும்பு, மேலே பித்தளைப் பூச்சு.
சூடு பட்டிருந்தால் பூச்சு கொப்பளித்திருக்கும்.
ஒரு கொப்புளம் இல்லை.
அரம் ஓடின கோடும் இல்லை.
இன்னொரு தரம் நிறுத்தேன்.

"ரெண்டு வில்லை ஒண்டாய் அச்சுக்குள்ள விழுந்திருக்கு,
ஒண்டுக்கு மேல ஒண்டு.
இதில அஞ்சு பதிஞ்சுது, மற்றதில சிங்கம்.
ஒட்டிக் கிடந்த பக்கத்தில
ரெண்டுக்கும் ஒண்டும் பதியேல்ல.
பிறந்த அண்டே இப்பிடித்தான்."

"அப்ப நெருப்பு?"
"இந்தக் காசில நெருப்புப் படேல்ல."
"அப்ப பங்கர்?"

என் நுண்காட்டி நாற்பது மடங்கு காட்டும்.
அதற்குள் பங்கர் தெரியாது.
யாருடைய பை, யார் எடுத்தது, எந்த மண்ணில்,
ஒன்றும் தெரியாது.
"காசைப் பற்றி மட்டுந்தான் என்னால சொல்லேலும், பிள்ளை."
தலையாட்டினாள். கேட்டாளோ என்னவோ.

கொழும்பில் அறுபதாயிரத்துக்கு வாங்க ஆள் உண்டு,
அதையும் மறைக்கக் கூடாதென்று சொன்னேன்.

"மற்றது எங்க இருக்கும்?"
"எது?"
"சிங்கம் பதிஞ்சது. இதின்ர சோடி."

வெளியே தண்ணி பவுசர் ஒன்று
சத்தமாய்ப் போய் முடியும்வரை பேசாமல் இருந்தேன்.

பிறகு ரசீதுப் புத்தகத்தை இழுத்து என் முன்னால் வைத்தாள்.
"எழுதித் தாங்கோ."
விபரம் என்ற கோட்டில் எழுதினேன்:
ஐந்து ரூபாய், 2006. அச்சுப் பிழை. தீப்படவில்லை.
திகதி. கையெழுத்து.
"சீலும் வேணும்."

சீலில் மை காய்ந்திருந்தது.
குத்தினது தெளியாமல் மேலே இன்னொன்று குத்த,
கடையின் பெயர்
தள்ளி இரட்டையாய் விழுந்தது.

"வேற எழுதட்டே?"
"வேண்டாம்."

ஈரம் காயமுதல் மடிக்க வேண்டாமென்றேன்.
இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி
பரந்தன் பஸ்ஸுக்கு நடந்தாள்.