பதில் நிரல்

பொகவந்தலாவைத் தபாலகத்துக்குக்
கணக்காய்வுக்குப் போன மூன்றாம் நாள்
மழை தகரங்களை எண்ணிக்கொண்டிருந்தது,
நான் கடிதங்களை.

மேட்டுப்பிரிவு லயங்களுக்கு
அந்த மாதம் அறுபத்தொன்று.
எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி:
தோட்டத்துக் காரியாலயம்.
அங்கே ஒரு லாச்சி.
லாச்சிக்கு ஒரு சாவி.
சாவிக்கு லீவு.

மார்ச் ஒன்பதில் நேர்முகப் பரீட்சைக்கு
வரச்சொன்ன கடிதம்
ஏப்ரல் இருபதில்தான் கையில் கிடைத்ததாம்
மாரியாயி மகள் டிலானிக்கு.
"முத்திரையப் பாருங்க மிஸ்,
அது நேரத்துக்குத்தான் வந்திருக்கு."
பார்த்தேன். வந்துதான் இருந்தது,
டவுன் வரைக்கும்.

பழைய அறிக்கைகளைப் புரட்டினேன்.
பரிந்துரை நான்கு: வீட்டுக்கு வீடு இலக்கமிடுக.
பதில் நிரலில்: கவனத்தில் எடுக்கப்பட்டது.
முந்தைய ஆண்டும் அதே நான்கு,
கவனத்தில் எடுக்கப்பட்டது.
அதற்கும் முந்தியதில் ஒரு தட்டச்சுப் பிழை:
கவனத்தில் கெடுக்கப்பட்டது.
ஒப்பமிட்ட ஐந்து பேரில்
ஒருவர்கூடத் திருத்தவில்லை.
மூன்றில் அதைத்தான் நான் நம்பினேன்.

நானும் எழுதினேன்.
நான்காவதை முதலாவதாக்கினேன்.
என் அதிகாரம் அவ்வளவுதான்.

பஸ்ஸுக்கு நிற்கையில் டிலானி கேட்டாள்,
அறிக்கை வந்தா எங்களுக்கும்
ஒரு பிரதி அனுப்புவீங்களா?
கட்டாயம், அது உங்கள் உரிமை என்று
பேனையைத் திறந்து
முகவரி கேட்டேன்.

சொல்லத் தொடங்கினாள்.
பாதியிலேயே
இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

பஸ் வந்தது.
பேனை மூடி
ஹட்டன் வரை என் கைக்குள்ளேயே இருந்தது.