அக்கரைக்குத் தொண்ணூற்று நான்கு

காலையிலேயே தெரிந்துவிட்டது
இரவு தங்கப்போகும் வீடு:
சிவப்புத் தகரக் கூரை, தண்ணீருக்கு அந்தப் பக்கம்,
கூப்பிடு தூரம்.

ஐஸ்லாந்துச் சாலைக்கு அது தெரியாது.
கடல் உள்ளே நீட்டிய விரலைச் சுற்றிக்கொண்டு
தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர்.

போகும்போது எதிர்காற்று.
திரும்பினால் முதுகில் தள்ளும் என்று நம்பி மிதித்தேன்.
வளைவில்
காற்றும் என்னோடு திரும்பியது.

ஆலாக்கள் ஹெல்மெட்டைக் கொத்தின.
வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த ஸ்டெய்ன்வோர்
குச்சி ஒன்றைக் கொடுத்தாள்.
"தூக்கிப் பிடி. எது உயரமோ
அதைத்தான் கொத்தும்."
துணி பறந்துபோன குடைக்காம்போடு
ஒற்றைக் கையில் ஓட்டினேன்.

மழை.
ஸ்போக் ஒன்று போயிற்று.
நடுச்சாலையில் படுத்திருந்த ஆடு
எழவில்லை, நான்தான் இறங்கினேன்.

பதினோரு மணிக்கும் அணையாத வெளிச்சத்தில்
கதவைத் திறந்தார் ஹாஃப்லிதி.
"மதியம்வரை பைனாகுலரில் இருந்தாய்.
அப்புறம் வளைவு தின்றுவிட்டது.
சூப்பை மூன்று தடவை சூடாக்கினோம்."

சாப்பிட்டு முடித்து
நானும் அதை வாங்கிப் பார்த்தேன்.
அக்கரை பச்சையாகத்தான் இருந்தது.
கூடாரம் போட்ட இடத்தில் மட்டும்
புல் இன்னும் எழுந்திருக்கவில்லை.