தொலைக்காத தோடு

இருபத்தெட்டு பாகை முப்பத்தாறு கலை வடக்கு,
எழுபத்தேழு பாகை பதினேழு கலை கிழக்கு,
அதற்கப்பால் மூன்று தசமங்கள்.
மயூர் விஹார் டி.டி.ஏ. பூங்காவின்
தென்மூலைப் பெஞ்சில் கொண்டுவந்து நிறுத்தி
இனி உன் பாடு என்றது கைபேசி.
அவ்வளவு உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கும்
மூன்று மீட்டர் தடுமாற்றம் உண்டு.

ஒளித்துவைத்தவர் தந்திருந்த குறிப்பு ஒரே வரி:
இரும்பு விடாது.

பெஞ்சு இரும்புதான்.
அதன் மேலும் முன்னும் பின்னும்
பாய் விரித்து ஏழு பெண்கள்.
டிசம்பர் ஞாயிறு. பனி விலகவே பகல் ஒன்றாகி
ஒரு பாய் அகலத்துக்கு வெயில்.
ஆரஞ்சு உரிக்கிறார்கள்,
நிலக்கடலைத் தோலை ஊதுகிறார்கள்.
ஒருவர் பின்னிக்கொண்டிருப்பது
யாருக்கோ ஒரு கை மட்டும்.

தேடுவது தெரியாமல் தேட வேண்டும்,
இந்த விளையாட்டில் முதல் விதி.
ஷூ கயிற்றை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன்.
வராத அழைப்புக்கு
"ஆமா... இல்ல... பாக்கறேன்" என்று பதில் சொன்னேன்.
நடைபாதையில் ஆறு சுற்று.
ஒவ்வொரு சுற்றிலும் வெயில்
ஒரு முழம் கிழக்கே நகர
பாயும் கூடவே நகர்ந்தது.
பெஞ்சின் ஒரு கால் வெளிப்பட்டது.
இன்னும் அரைமணி, கணக்குச் சரி,
பொறுமைதான் போதவில்லை.
குனிந்து கையை விட்டேன்.

"க்யா கோ கயா, பேட்டா?"
ஊசியை நிறுத்தாமல் கேட்டார் குல்வந்த் கௌர்.

ஒன்றும் தொலையவில்லை அம்மா,
முகம் தெரியாத ஒருவர் ஒளித்ததை
முகம் தெரியாத நான் கண்டெடுத்து
பெயர் எழுதி
எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும்
என்பதை இந்தியில் சொல்ல
இந்த ஊரில் என் ஒன்பது வருடம் போதவில்லை.
வாயில் வந்ததைச் சொன்னேன்.
தோடு.

அவ்வளவுதான்.
ஆறு பேர் எழுந்துவிட்டார்கள்.
பாயை உதறினார்கள், சால்வையை உதறினார்கள்,
முழங்கால் வலிக்காரர் பெஞ்சிலிருந்தே திசை சொன்னார்.
தங்கமா? இல்லை, கல் வைத்தது.
என்ன நிறக் கல்?
நீலம், என்றேன்.
கம்பளிக் குல்லாய்க்குள்
இரு காதிலும் என் சிவப்புக்கல் தோடுகள்
கதகதப்பாக இருந்தன.

காவலாளி பிர்ஜு விளக்குமாற்றோடு வந்தார்.
கிரிக்கெட் நின்றது.
ஒரு பொய்க்காக இத்தனை முதுகு வளைந்து
நான் பார்த்ததில்லை.
கொஞ்ச நேரத்தில் நானும்
உண்மையாகவே தேடிக்கொண்டிருந்தேன்.

கிடைத்தது.
நெட்டிலிங்க மரத்தடிச் சருகுக்குள்
ஒற்றைத் தோடு. வெள்ளி. கறுத்திருந்தது.
கல் நீலம்தான்,
பச்சை என்றும் சொல்லலாம்.
ரேணு பன்சல் அதைத் துப்பட்டாவில் துடைத்து
என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மடக்கி மூடினார்.
திருகாணி எங்கே, பார்த்துப் போடக்கூடாதா
என்று திட்டும் கிடைத்தது.
மறுக்க எனக்கு இந்தியும் இல்லை, வாயும் இல்லை.
ஒரு முழு ஆரஞ்சைத் தின்ன வைத்துத்தான் விட்டார்கள்.

நாலரைக்கு வெயில் சுவரேறிப் போயிற்று.
பாய்கள் சுருண்டன.
பெஞ்சின் அடியில் கையை விட்டேன்.
புதினா மிட்டாய் டப்பா, முதுகில் காந்தம்.
உள்ளே சுருட்டிய தாள்,
பழைய மெட்ரோ வில்லை,
கால் ஒடிந்த பிளாஸ்டிக் குதிரை.

பெயருக்கு நேரே எழுதினேன்:
எடுத்தது, ஒன்றுமில்லை.
வைத்தது, என்னுடையது அல்ல.
டக்கென்று வாங்கிக்கொண்டது இரும்பு.

அதன்பின் அந்தப் பக்கம் போனால்
முகத்துக்கு முன் காதைப் பார்க்கிறார்கள்.
ரெண்டும் இருக்கா என்று விரலால் கேட்கிறார்கள்.
இருக்கு என்று தலையாட்டுகிறேன்.
பங்குனி பிறந்து
ஸ்வெட்டர்கள் எல்லாம் இடுப்புக்கு இறங்கிவிட்டன.
நான் இன்னும்
குல்லாயைக் கழற்றவில்லை.